தோசைக்கல் மக்கர் பண்ணுகிறதா? வார்ப்பிரும்புக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

தோசை ஒட்டியதும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு கல்லைப் பரபரவென்று தேய்ப்பதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. முதல் தப்பும் அதுதான். மூன்று மாதம் சுட்டுச் சுட்டுச் சேர்ந்த கருமை பத்து நிமிடத்தில் கழன்றுவிடும், மறுநாள் இன்னும் மோசமாக ஒட்டும். வார்ப்பிரும்பில் வருகிற புகார்களில் பாதிக்குமேல் சூட்டுக் கோளாறு அல்லது எண்ணெய் அதிகமான கோளாறு. கல்லையே சுரண்ட வேண்டிய நிலை அபூர்வம். அதனால் கீழே ஒவ்வொரு குறைக்கும், எதை முதலில் பார்ப்பது, எது கடைசி வழி என்ற வரிசையில் எழுதியிருக்கிறோம்.

ஆரம்பிக்கும் முன், கையில் இருப்பது வார்ப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் "இரும்புக் கல்" என்று விற்பதில் இரண்டு சாதி உண்டு. மணல் அச்சில் உருக்கி ஊற்றியது வார்ப்பிரும்பு. அதன் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், கைப்பிடியும் கல்லோடு ஒரே வார்ப்பாக வரும், கனக்கும். 11 அங்குல அகலமும் 4–5 மில்லிமீட்டர் கனமும் உள்ள கல் இரண்டு, இரண்டரைக் கிலோ தேறும். மற்றது தகட்டு இரும்பு: வழவழப்பாக இருக்கும், கைப்பிடியை ஆணியடித்தோ பற்றவைத்தோ சேர்த்திருப்பார்கள், கீழே போட்டால் நெளியும், உடையாது. பழக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் வார்ப்பு மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும், திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. பீங்கான் பூச்சு போட்ட வார்ப்புப் பாத்திரங்களுக்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். "பழகிய கல்" என்கிறோமே, அந்தக் கருமை கரி அல்ல, எண்ணெய்ப் பிசுக்கும் அல்ல. மெல்லிசாகத் தடவிய எண்ணெய், காற்றுபடப் புகையும் சூட்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகி, இரும்பைப் பற்றிக்கொண்ட கெட்டியான படலம் அது. வார்னிஷ் காய்வது போலத்தான். படலம் மெல்லிசாக இருந்தால் நிற்கும், தடியாக இருந்தால் ஒட்டும் அல்லது உரியும். இந்த ஒரு விதியை வைத்தே பாதிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

தோசை ஒட்டுகிறது, பிய்ந்து வருகிறது

சூடு, மாவு, பொறுமை, கடைசியில் கல். இந்த வரிசையில் பாருங்கள்.

சூடு. வார்ப்பிரும்பு அலுமினியம் போல உடனே காயாது. பெரிய தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் நடு மட்டும் கொதிக்கும், ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் காய விடுங்கள். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

தண்ணீர் அப்படியே படுத்துக் கிடந்து மெதுவாகக் கொதித்தால் கல் இன்னும் காயவில்லை. இந்த நிலையில் ஊற்றிய மாவு இரும்பின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் இறங்கி, அங்கேயே வெந்து பிடித்துக்கொள்ளும். "சொய்ங்" என்று சத்தம் வந்து இரண்டு மூன்று விநாடியில் வற்றினால் அது தோசைச் சூடு. சொட்டுகள் முத்து முத்தாகத் திரண்டு கல்மேல் ஓடினால் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போய்விட்டது. தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே ஆவி மெத்தை போல நிற்பதால்தான் அப்படி ஓடுகிறது. அப்போது தீயைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மாவு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் அந்த இடத்தில் கல் சட்டென்று குளிர்ந்துவிடும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். புளிக்காத மாவும், உளுந்து கூடிப்போன மாவும் பழகிய கல்லிலேயே ஒட்டும். உளுந்துதான் கூடிவிட்டது என்று தெரிந்தால் அரை லிட்டர் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு கலந்து, கால் மணி நேரம் விட்டு ஊற்றிப் பாருங்கள்.

பொறுமையும் ஒரு காரணம்தான். அடி முறுகியதும் தோசை தானாகவே ஓரத்தில் எழும்பும். எழும்பும் முன் திருப்பியைச் செருகினால் எந்தக் கல்லிலும் பிய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டினால் ஒரு சோதனை. ஊத்தப்பம் அளவில் மூன்று சின்னத் தோசைகளை நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனியே ஊற்றுங்கள். எல்லாமே ஒட்டினால் திரும்பவும் சூட்டையும் மாவையும் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் ஒட்டினால் அங்கே படலம் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் அந்த இடம் சாம்பல் நிறமாகவோ மங்கலாகவோ தெரியும்.

அதற்கு முழுக் கல்லையும் சுரண்ட வேண்டியதில்லை. ஒட்டியதைத் திருப்பியின் தட்டை விளிம்பால் சுரண்டி எடுங்கள். கல் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் போட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். உப்பு அழுக்கை அறுக்கும், படலத்தை அறுக்காது. துடைத்துவிட்டு, அந்த இடத்தில் நாலைந்து சொட்டு எண்ணெயைத் தேய்த்து, எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்து, புகை வந்து அடங்கும்வரை காய விடுங்கள். இதை மூன்று முறை செய்தால் அந்த இடம் கறுத்துவிடும்.

தோசைக்கும் சப்பாத்திக்கும் ஒரே கல்லைப் புழங்கும் வீடுகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வரும். சப்பாத்திக்கு எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் கல் காய்கிறது, மேலே விழுந்த உலர் மாவு கருகி ஒட்டுகிறது, படலமும் தீய்ந்து போகிறது. சப்பாத்திக்கு ஒரு கல், தோசைக்கு ஒரு கல் என்று வீட்டுப் பெரியவர்கள் பிரித்து வைப்பது வீண் கண்டிப்பு இல்லை.

மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருகிறது

இது ஒட்டுவதற்கு நேர் எதிரான குறை. காரணம் இரண்டுதான். ஒன்று, கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. மாவு தொட்ட இடத்திலேயே வெந்து, கரண்டியைச் சுழற்றும்போது கூடவே வருகிறது. இரண்டு, கல்லில் எண்ணெய் நிற்கிறது. மாவுக்குப் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது.

ஓட்டலில் மாஸ்டர் ஒவ்வொரு ஈட்டுக்கும் முன் தண்ணீர் தெளித்து, ஈர்க்குச்சித் துடைப்பத்தால் பெருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரே வீச்சில் இரண்டு கோளாறும் தீர்ந்துவிடும்: சூடு இறங்கும், மிச்ச எண்ணெயும் துகளும் போகும். ஆனால் அவர் தண்ணீர் அடிப்பது தடித்த இரும்புப் பலகை. வீட்டு வார்ப்புக் கல்லில் கை நனைத்துத் தெளித்தால் போதும். குவளையோடு கவிழ்த்தால் விரிசல் விடும்.

வீட்டுக்கு வெங்காயமே நல்ல கருவி. பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்தால் எண்ணெய் மெல்லிசாகப் படியும், அதிகச் சூடும் தணியும். கத்தரிக்காய்க் காம்பும் இதே வேலையைச் செய்யும். புளியைத் துணியில் முடிந்து எண்ணெய் தொட்டுத் தேய்க்கிற வழக்கமும் உண்டு. பழைய கல்லில் பரவாயில்லை, புதிதாகப் பழக்கிய கல்லில் வேண்டாம். புளிப்பு இளம் படலத்தை அரிக்கும்.

புதுக் கல்: துடைக்கத் துடைக்கத் துணி கறுப்பாகிறது

அச்சு மணல், இரும்புத் தூள், கடையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அல்லது கறுப்பு மெருகு இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போது பெயின்ட் வாடை வந்தாலோ, பூச்சு சீவல் சீவலாக உரிந்தாலோ அந்தக் கல்லை வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கியாகிவிட்டதென்றால் பின்னால் சொல்லும் காஸ்டிக் சோடா முறையில் முழுவதும் நீக்கிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

வடிகஞ்சியிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ இரண்டு மூன்று நாள் ஊற வைப்பது நம் ஊர் முறை. நல்ல முறைதான், ஆனால் அது எதற்கு என்பதில் குழப்பம் உண்டு. கஞ்சி கழுவும், பழக்காது. லேசான புளிப்பு, மணலையும் தூளையும் இளக்கிவிடும், அவ்வளவே. தினமும் கஞ்சியை மாற்றி ஒரு தேய்ப்பு தேய்க்க வேண்டும். அப்படியே மறந்து ஒரு வாரம் விட்டால் கல் துருவோடுதான் வெளியே வரும். அவசரமென்றால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுத் தேங்காய் நாரால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவினாலும் அதே பலன் கிடைக்கும்.

பழக்குவது இப்படி:

1. கழுவிய கல்லைத் துடைத்து உடனே அடுப்பில் ஏற்றுங்கள். சிறு தீயில் 5 நிமிடம். குழிகளில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் படலத்துக்கு அடியில் துரு கிளம்பும்.

2. இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரைத் தேக்கரண்டி எண்ணெயை முன், பின், கைப்பிடி என்று எல்லா இடத்திலும் தேய்யுங்கள். 11 அங்குலக் கல்லுக்கு இதற்குமேல் வேண்டாம்.

3. தவறுதலாக எண்ணெய் கொட்டிவிட்டது போல நினைத்துக்கொண்டு, உலர்ந்த துணியால் முழுவதையும் துடைத்து எடுங்கள். கல்லில் மினுமினுப்பு தெரியக் கூடாது, விரலை வைத்தால் ரேகை பதியக் கூடாது. இந்தப் படியில் சோம்பல் பட்டால்தான் பிசுபிசுப்பு வரும்.

4. நடுத்தரத் தீயில் 10–12 நிமிடம். புகை கிளம்பி, கூடி, பிறகு அடங்க வேண்டும். நடுவே கல்லை நகர்த்தி ஓரங்களையும் தீக்கு நேரே காட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஓவன் வசதி இருந்தால் கல்லைக் கவிழ்த்து வைத்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். ஓரம் நடு என்ற பேதமில்லாமல் பிடிக்க இதுவே மேல்.

5. தானாக ஆற விட்டு 2 முதல் 4 வரை திரும்பச் செய்யுங்கள். நாலு முதல் ஆறு முறை.

முதல் சுற்றில் சாம்பல் நிறம் பழுப்பாகும். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாலாவது சுற்றில் கருமை ஏறும். நல்ல கறுப்பு வருவது அடுத்த இரண்டு மாதப் புழக்கத்தில்தான்.

எந்த எண்ணெய்? நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவும் ஆகும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் இந்த வேலைக்குத் தோது இல்லை. அவற்றில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, பின்னிக்கொண்டு இறுகாது. விளக்கெண்ணெயும் உலரும் சாதி இல்லை, பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய்க்கு இணையத்தில் பெரிய பேர். கண்ணாடி போலப் பளபளவென்று இறுகும்தான், ஆனால் சூடேறி ஆறி வரும்போது செதிலாக உரிவதும் அதுதான். வீட்டில் இருக்கிற நல்லெண்ணெயை விட்டு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பழக்கியதும் முதல் வேலையாக ஆம்லெட் போடச் சொல்வார்கள். முட்டைப் புரதம் இளம் படலத்தில் அப்பிக்கொள்ளும், அது நல்ல ஆரம்பம் இல்லை. நறுக்கிய வெங்காயத்தை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கருகும் பதம்வரை வதக்கித் தள்ளிவிடுங்கள். அடுத்த நாலைந்து முறை அடை, ஊத்தப்பம் என்று எண்ணெய் தாராளமாக விடும் பண்டங்களாகச் சுடுங்கள். பேப்பர் ரோஸ்ட் ஆசையை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மேற்பரப்பு மரப்பட்டை போல மிகவும் சொரசொரப்பாக இருந்தால், பழக்கும் முன் 80 எண் உப்புத்தாளாலும் பிறகு 120 எண் தாளாலும் தேய்த்துச் சமன் செய்யலாம். தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போல மழுமழுவென்று ஆக்கிவிடாதீர்கள். படலம் பற்றிக்கொள்ள இரும்பில் லேசான சொரசொரப்பு வேண்டும்.

பழக்கிய பிறகு தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது

எண்ணெய் கூடிவிட்டது, அல்லது சூடு போதவில்லை. சொட்டுச் சொட்டாகப் பழுப்பு முத்துகள் நின்றால் நிச்சயம் எண்ணெய்தான் கூடியது. முதலில் எண்ணெய் எதுவும் தடவாமல் வெறும் கல்லை நடுத்தரத் தீயில் கால் மணி நேரம் காய விடுங்கள். மெல்லிய பிசுக்கு இதிலேயே இறுகிவிடும். ஆறிய பின்னும் ஒட்டினால் வெந்நீரும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் போட்டுத் தேய்த்து, மேல் பிசினை எடுத்துவிட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சோடு திரும்பப் பழக்குங்கள். பிசுக்கின் மேல் இன்னொரு பூச்சு போடுவதால் எதுவும் சரியாகாது.

துரு

துருவில் மூன்று படி உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கழுவித் துடைத்த பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் தூள் போலப் படர்வது வெறும் மேல்துரு. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். அது துணியில்தான் துரு, கல்லில் காயம் இல்லை. கழுவியதும் துணியால் துடைப்பதோடு நிற்காமல் இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து, வெதுவெதுப்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் இது வரவே வராது. உப்புத் தண்ணீர் உள்ள ஊரிலும் கடற்கரை ஊரிலும் இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்க்க முடியாது.

திட்டுத் திட்டாகப் பிடித்து, நகத்தால் சுரண்டினால் தூள் வருவது இரண்டாம் படி. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி 20 நிமிடம் விட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். போகாவிட்டால் மெல்லிய கம்பி நார். இந்த இடத்தில்தான் கம்பி நாருக்கு வேலை.

முழுக் கல்லும் செம்பழுப்பாகிப் பொருக்குப் பொருக்காக நிற்பது மூன்றாம் படி. தோட்டத்தில் கிடந்த கல், பரணில் மழை ஒழுகி நனைந்த சட்டி இவையெல்லாம் இந்த ரகம். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கல் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். 30 நிமிடத்தில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். தேவையென்றால் இன்னொரு 30 நிமிடம். ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள். துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும், மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழி விழும். எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு அலசுங்கள்.

அலசுவதற்கு முன்பே அடுப்பைப் பற்ற வைத்துக்கொள்ளுங்கள். படலமே இல்லாத வெற்று இரும்பு காற்றில் கண்முன்னே சிவக்கும். "துருவை எடுத்தேன், உடனே திரும்ப வந்துவிட்டது" என்கிறவர்கள் தவறவிடுவது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். துடைத்து, நேரே தீயில் காட்டி, காய்ந்ததும் எண்ணெய் தடவி, அன்றைக்கே பழக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

தோசையில் கறுப்புத் துகள், கல்லில் செதில் செதிலாக உரிகிறது

துகளை விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாகப் பொடிந்தால் அது கருகிய மாவு, படலம் இல்லை. கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. மெல்லிய தகடு போல வளையாமல் உடைந்தால் படலமே உரிகிறது: தடியாகப் பூசியிருக்கலாம், அழுக்கின் மேல் பூசியிருக்கலாம், அடியில் துரு கிளம்பியிருக்கலாம். தளர்ந்ததை மட்டும் திருப்பியால் சுரண்டி எடுத்து, உறுதியாக நிற்பதை விட்டுவிட்டு, மேலே இரண்டு மெல்லிய பூச்சுப் போடுங்கள். கூர்முனையுள்ள திருப்பியும் காரணமாக இருக்கலாம். இரும்புக்கு எவர்சில்வர் திருப்பி ஆகாது என்பது தவறு. தட்டை விளிம்பு மேற்பரப்பைச் சமன்கூடச் செய்யும். முனைகளை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

அடியிலும் விளிம்பிலும் விரல் கனத்துக்குக் கரிக்கட்டி

பல வருஷப் பழைய கல்லில் இது சகஜம். உள்பக்கம் நன்றாக வேலை செய்தால் விளிம்புக் கட்டியை விட்டுவிடுவதில் தவறில்லை. ஆனால் கட்டி கூடினால் சூடு ஏறத் தாமதமாகும், அதில் ஊறிய எண்ணெய் ஒவ்வொரு முறையும் புகையும்.

இதற்கு விறகுத் தீயில் போட்டுச் சுட்டெடுப்பது பழைய குறுக்கு வழி. வேண்டாம். செக்கச் சிவக்கக் காய்ந்த வார்ப்பு கோணிக்கொள்ளும், விரிசல் விடும். தப்பினாலும் மேற்பரப்பு செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டி, அதன் பிறகு எந்த எண்ணெயையும் பிடிக்காது.

காஸ்டிக் சோடாதான் சரியான வழி. நினைவில் வைக்க வேண்டிய வித்தியாசம்: காஸ்டிக் எண்ணெயையும் கரியையும் கரைக்கும், துருவைத் தொடாது. வினிகர் துருவைக் கரைக்கும், கரியைத் தொடாது. இரண்டும் இருக்கும் கல்லுக்கு முதலில் காஸ்டிக், கழுவிய பின் வினிகர். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 250 கிராம் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும்; காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முழங்கைவரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினிய வாளி, அலுமினியக் கரண்டி கிட்டேயே வரக் கூடாது. அலுமினியத்தை அரித்து எரியும் வாயுவைக் கிளப்பும். கல்லை மூழ்க வைத்து, குழந்தைகளும் நாயும் பூனையும் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்துத் தேய்த்தால் கரி சேறு போல வழியும். மிச்சம் இருந்தால் இன்னும் மூன்று நாள். காஸ்டிக் இரும்பை அரிக்காது, அதனால் கூட நாளானாலும் கல்லுக்குக் கெடுதல் இல்லை. பிறகு நிறையத் தண்ணீரில் அலசி, காய வைத்து, முதலிலிருந்து பழக்க வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் சட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூண்டில், வலைக்கு ஈயக் குண்டு வார்க்க இரும்புச் சட்டியில்தான் ஈயம் உருக்குவார்கள். உள்ளே வெள்ளி நிறத்தில் மெத்தென்ற திட்டோ, உருகி வழிந்த தடமோ தெரிந்தால் அந்தச் சட்டி சமையலுக்கு ஆகாது. எந்தச் சுத்திகரிப்பாலும் அதை நம்ப முடியாது.

நடுவில் கருகுகிறது, ஓரத்தில் வேகவில்லை

அடுப்பு வளையம் சிறிது, கல் பெரிது. சிறு தீயில் நீண்ட நேரம் காய வைப்பதும், தோசைக்கு இடையில் கல்லைக் கால் சுற்று திருப்பி வைப்பதும்தான் வழி. பெரிய தீ இந்தக் குறையைக் கூட்டவே செய்யும். இன்டக்‌ஷன் அடுப்பில் ஆரம்பமே உச்ச அளவில் வைத்தால் நடு மட்டும் விரிந்து கல் கோணிவிடும்; குறைந்த அளவில் 5 நிமிடம், பிறகு நடுத்தரம். சமதளத்தில் வைத்துச் சுழற்றினால் பம்பரம் போலச் சுற்றுகிறதா? அடி புடைத்துவிட்டது. சம்மட்டியால் தட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், வார்ப்பு உடையும். அந்தக் கல்லை இனி எரிவாயு அடுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பணியாரம் குழியிலிருந்து எழும்பவில்லை

பணியாரக் கல்லில் நடுக்குழி பழகிவிடும், ஓரக் குழிகள் பின்தங்கும். பழக்கும்போது எண்ணெய் குழியின் அடியில் இறங்கித் தேங்கும், அங்கேதான் பிசின் சேரும். விரலில் சுற்றிய துணியால் ஒவ்வொரு குழியையும் தனித்தனியே துடைத்து, கல்லைக் கவிழ்த்துக் காய வைப்பது நல்லது. முதல் ஒரு மாதம் காரப் பணியாரம் மட்டும் ஊற்றுங்கள். வெல்லப் பணியாரத்தில் வெல்லம் பாகாகிக் குழிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பழகாத குழியில் ஒருமுறை பிடித்தால் அடுத்த ஈடும் அங்கேயே பிடிக்கும். தேங்காய்ப் பல் குழிக்கு அடியில் உட்காராமல் மாவோடு கலந்து ஊற்றுங்கள். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், முக்கால் குழி மாவு. ஓரம் வெந்து நிறம் மாறிய பிறகு கம்பியைச் சுவரோரமாக ஒரு சுற்று விட்டுத்தான் திருப்ப வேண்டும். பிடித்த குழியில் கொதிநீர் ஊற்றி ஆறும்வரை விட்டால் வெல்லம் கரைந்துவிடும். கம்பியால் குத்தி எடுத்தால் படலமும் கூடவே வரும்.

குழம்பு கறுத்துவிட்டது, இரும்பு வாடை

புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் படலத்தை அரித்து இரும்பைக் குழம்பில் இறக்கும். புளியிலும் கீரையிலும் கத்தரிக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்போடு சேர்ந்து கறுக்கும். பழைய காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே வேதியியலில்தான். விஷம் இல்லை, ருசிதான் கெடும். நன்றாகப் பழகிய சட்டியில் புளிக்குழம்பு வைக்கலாம், ஆனால் கொதித்து இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதிலேயே ராத்திரி வைத்தால் காலையில் குழம்பும் கெட்டிருக்கும், சட்டியும் வெளுத்திருக்கும். உடம்பில் இரும்புச்சத்து அதிகமாகச் சேரும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இரும்புப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும்.

எடுத்துப் பார்த்தால் சிக்கு வாடை

எண்ணெய் தாராளமாகத் தடவி மாதக்கணக்கில் புழங்காமல் வைத்தால் எண்ணெய் சிக்கெடுக்கும். வெந்நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரத் திரவமும் போட்டுக் கழுவுங்கள். இன்றைய திரவங்கள் இறுகிய படலத்தைக் கரைக்காது. சோப்பே படக் கூடாது என்பது காரம் தூக்கலான பழைய சோப்பு காலத்துப் பேச்சு. பாத்திரம் விளக்கும் பொடியை மட்டும் தொடாதீர்கள், அது அரைத்தெடுத்துவிடும். கழுவி, 10 நிமிடம் காய வைத்து, ஒரு மெல்லிய பூச்சு. நாள்பட எடுத்துவைப்பதானால் இறுகக் காய்ந்த கல்லைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

தட்டினால் சத்தம் மாறியிருக்கிறது

கல்லைக் கைப்பிடியில் தூக்கிப் பிடித்து, கரண்டியால் விளிம்பில் தட்டுங்கள். "டங்" என்று ரீங்காரம் நின்றால் முழுசு. "டொப்" என்று அடங்கினால் எங்கோ விரிசல். சுத்தமாகத் துடைத்த கல்லில் எண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, லேசாகச் சூடேற்றினால் விரிசலுக்குள் போன எண்ணெய் கோடாகக் கசிந்து வெளியே வரும். சூடான கல்லைக் குழாயடியில் காட்டியதுதான் பெரும்பாலும் காரணம். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது லேசான வேலை இல்லை. பற்றவைத்தாலும் அந்தக் கோட்டிலேயே மறுபடி விடும், பற்றுக்கம்பியின் உலோகமும் உணவில் படும். விளிம்பில் நகக்கண் அளவு மட்டும் விட்டிருந்தால் சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒவ்வொரு வாரமும் தட்டிப் பார்த்துக்கொண்டு. நடுவரை ஓடிவிட்டால் எடைக்குப் போட்டுவிடுங்கள்.